வேண்டினவள் தோள்

அத்தியாயம் – 14

நன்றி சொல்வதில்கூட ஒருத்தியால் பழிவாங்க முடியும் என்பதை அன்புச்செல்வியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிள்ளை வல்லரசுக்குத் தலை நின்ற அன்று தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல். குப்புற விழுந்த அன்று அப்பம். கீழ் ஈறில் முதல் பல் எட்டிப் பார்த்த அன்று பல் கொழுக்கட்டை. ஒவ்வொரு தட்டையும் கையில் எடுத்ததும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். இத்தனை வருஷம் காக்க வைத்துக் கொடுத்த அண்ணாமலையாருக்கு ஒரு நாளும் நன்றி பாக்கி வைத்ததில்லை.

தட்டு வீடு வீடாகப் போகும். கணவனின் அண்ணன் காசியின் வீட்டு வாசல் வந்ததும் மட்டும் அவள் நடை வேகமாகும். காசியின் மனைவி உண்ணாமலை அங்கே வாசல் தெளித்துக்கொண்டு நிற்பாள். நெய் வாசம் அவள் மூக்கு வரைக்கும் போகும், தட்டு போகாது.

காரணம் உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம்தான் அன்புச்செல்வி இந்த வீட்டுக்கு வாழ வந்தாள். இரண்டாம் வருஷத்திலேயே ஓரகத்தி உண்ணாமலைக்குக் கவியா பிறந்துவிட்டாள். அண்ணாமலையாரிடம் கேட்டுப் பிள்ளை பெற்றவர்கள் வளைகாப்புப் புடவையைக் கரும்பில் தூளியாகக் கட்டி, பிள்ளையை அதில் கிடத்தி, புருஷன் முன்னாலும் பெண்டாட்டி பின்னாலுமாகத் தோளில் தாங்கி மாடவீதி சுற்றுவது இந்த ஊர் வழக்கம். கார்த்திகைத் தேரன்று உண்ணாமலை அப்படிக் கிளம்பினாள். புடவை முடிச்சு நழுவுகிறதே என்று அன்புச்செல்வி கையை நீட்டினாள்.

"நீ தொட வேணாம் அன்பு. எல்லார் செருப்பும் இங்க கெடக்குது, அதைப் பாத்துக்கினு இரு."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. மலடி என்ற சொல்லைச் சொல்லாமலே சொல்லத் தெரிந்தவள் உண்ணாமலை. அவர்கள் சுற்றி முடித்து வரும்வரை பதினாறு கால் மண்டபத்துப் பக்கத்தில் செருப்புக் குவியலோடு உட்கார்ந்திருந்தாள் அன்புச்செல்வி. போகிற வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். விசாரித்தவர்கள் ஒருவர்கூட பதிலுக்கு நிற்கவில்லை, அவர்களுக்கே பதில் தெரிந்திருந்தது.

அதன் பிறகு ஆறு கார்த்திகை போய்விட்டது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அன்புச்செல்வி அந்தக் கஞ்சியை ஆறவே விடவில்லை.

இன்று அவளுடைய தேர் நாள்.

விடிந்ததிலிருந்து தூறல். ஆனாலும் தேரடி வீதியில் ஊசி விழ இடமில்லை. மைக்கில் ஒருவர் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து தொலைந்துபோன ஒரு மாமியாரை மருமகள் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து அன்புச்செல்வியின் அண்ணன் ராமகிருஷ்ணன் வந்திருந்தான். வல்லரசுக்குத் தாய்மாமன். தோகை கசங்காமல் பஸ் மேலே படுக்கப்போட்டு, வழியெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்துக்கொண்டே கரும்பைக் கொண்டுவந்து சேர்த்தவன். தங்கைக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்றே காது குத்துக்குக் கடுக்கன் செய்யக் கொடுத்துவிட்ட மனுஷன் அவன். என் மடி காலியாகவே இருக்குது பாப்பா என்று எத்தனையோ வருஷம் சொல்லிச் சிரித்திருக்கிறான். சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வான்.

கரும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். வளைகாப்புப் புடவையை முடிச்சுப் போட்டார்கள். தசரதன் ஒருமுறைக்கு இரண்டுமுறை இழுத்துப் பார்த்தான். தசரதன் அன்புச்செல்வியின் கணவன், செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். அண்ணி வீட்டையும் பகைக்க முடியாது, பெண்டாட்டியையும் எதிர்க்க முடியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்? காலையிலிருந்து அவன் பெண்டாட்டியிடம் ஒரே வார்த்தையைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்: வேணாம். அவள் காதில் விழாத மாதிரி இருந்தாள்.

காசியும் உண்ணாமலையும் வந்தார்கள். தட்டு போகாத வீட்டுக்கு அழைப்பு மட்டும் ஒழுங்காகப் போயிருந்தது, அன்புச்செல்வியே வெற்றிலை பாக்கோடு போய் அழைத்திருந்தாள். உண்ணாமலை நல்ல பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். வந்ததும் நேராகத் தூளியின் பக்கம்தான் போனாள். முடிச்சின் மேல் கை வைக்கப்போனாள்.

"அக்கா," என்றாள் அன்புச்செல்வி. எவ்வளவு இனிமையாக வரவேண்டும் என்று பழகி வைத்திருந்தாளோ அவ்வளவு இனிமையாக வந்தது. "நீங்க தொட வேணாம். எல்லார் செருப்பும் இங்க கெடக்குது, அதைப் பாத்துக்கினு இருங்க."

ராமகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டான். தசரதன் திரும்பி கோபுரத்தைப் பார்த்தான், இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி.

உண்ணாமலையின் முகம் இடிந்துபோகும் என்று அன்புச்செல்வி எதிர்பார்த்தாள். இடிந்துபோகவில்லை. உண்ணாமலை நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். பட்டுப்புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈரத்தரை என்றும் பார்க்காமல் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஒவ்வொரு ஜோடியாகத் தேடி எடுத்து வரிசை வைக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கு அவள் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். அன்புச்செல்விக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"அவ உக்காரக் கூடாதும்மா." பேசியது காசி. தேரடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், பாத்திரம் விழுந்தால்கூடச் சத்தம் வராமல் எடுக்கப் பார்க்கிற சுபாவம். "இந்த வேண்டுதலே அவளோடது."

எந்த வேண்டுதல் என்று அன்புச்செல்வி கேட்டாள்.

"உனக்குப் புள்ளை பொறந்தா நானே தோள் குடுத்துத் தொட்டில் தூக்குறேன்னு அடி அண்ணாமலை கோயில்ல வேண்டிக்கிட்டா. நான் பக்கத்துல நின்னேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வார்த்தை வாங்கிட்டா. இன்னிக்கு சொல்லாம விட்டா அது தெய்வக் குத்தமாயிடும், அதான் சொல்றேன்."

உண்ணாமலை கையில் ஒரு செருப்போடு நிமிர்ந்து, உங்களை யார் பேசச் சொன்னது என்று புருஷனைக் கடிந்துகொண்டாள். தான் தனியாக ஒருநாள் அடிப் பிரதட்சணம் செய்து கழித்துக்கொள்வதாக இருந்தாளாம்.

அன்புச்செல்விக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது பழைய கதை. இங்கே சாமி கொடுத்த பிறகு பூசாரி வந்து நான்தான் கொடுத்தேன் என்கிறாள். பெற்றது இவள், பத்திய மருந்து குடித்து நாக்கு செத்துப்போனது இவளுக்கு. வேண்டுதல் மட்டும் அவளுடையதாம்.

"சத்தியம் பண்ணுங்க," என்றாள்.

தசரதன் பதறிப்போய் அன்பு என்று குறுக்கே வந்தான். நீங்க சும்மா இருங்க என்று அவனை ஒதுக்கினாள். பக்கத்துக் கடையிலிருந்து கற்பூரம் வாங்கி, ராஜகோபுரத்துக்கு நேரே, ஒரு சிதறு தேங்காய் ஓட்டில் வைத்துத் தானே கொளுத்தினாள். தூறலில் அது அணைந்துவிடக் கூடாதே என்று முந்தானையை விரித்து மறைப்பும் பிடித்தாள். பொய் என்றால் உண்ணாமலையின் கை இந்தத் தீக்கு மேல் நடுங்க வேண்டும். நடுங்குவதை இந்த ஊரே பார்க்க வேண்டும்.

உண்ணாமலை எழுந்து வந்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். உள்ளங்கையால் கற்பூரத்தை ஒரே அடியில் அணைத்தாள்.

"நான் வேண்டினது சத்தியம்," என்றாள். கை நடுங்கவில்லை.

மைக்கில் அந்த மாமியார் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது அன்புச்செல்வியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வேண்டினவள் கடனைத் தீர்க்காமல் தொட்டில் நகர்ந்தால் குத்தம் பிள்ளையைப் பிடிக்கும். அப்படித்தான் அவள் வளர்ந்தாள், அப்படித்தான் நம்புகிறாள். தவம் கிடந்து பெற்ற பிள்ளையின் தலையில் தன் வீம்பைத் தூக்கி வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதே நேரம், யாரைச் செருப்புக்குக் காவல் உட்கார வைத்தாளோ அவளைக் கைபிடித்து எழுப்பி, கரும்பையும் கொடுக்க வேண்டும்.

"பின்பக்கம் என்னுது," என்றாள் கடைசியில். "அதை யாருக்கும் தர மாட்டேன். முன்னால வேணா புடிங்க."

முன்பக்கம் யாருடையது? தசரதனுடையது. பிள்ளைக்கு அப்பனாகிய தசரதன் தான் தாங்க வேண்டிய கரும்பு முனையை அண்ணியிடம் கொடுத்தான். சுற்றிலும் பார்த்தான். செருப்புக்கு யாராவது வேண்டுமே. அவனே உட்கார்ந்துகொண்டான்.

புருஷன் பெண்டாட்டி தூக்குகிற தொட்டிலை இரண்டு ஓரகத்திகள் தூக்கிக்கொண்டு போவதைத் தேரடி வீதியே திரும்பிப் பார்த்தது. சிலர் ஒற்றுமை என்றால் இதல்லவா ஒற்றுமை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வல்லரசு தூளிக்குள் காலை உதைத்துக்கொண்டு, கரும்புத் தோகை ஆடுவதைப் பார்த்துச் சிரித்தான். ராமகிருஷ்ணன் தூளிக்குக் கீழே கை கொடுத்தபடி பக்கத்தில் நடந்தான். காசி பின்னால் வந்தார்.

திருவூடல் தெருவுக்குள் திரும்பும்போது அன்புச்செல்விக்கு அழுகை முட்டியது. பக்தியில் வந்த அழுகை என்று நினைத்து ஒரு அம்மாள் அவள் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனாள். அது ஆத்திரம். இந்த ஆறு வருஷமும் ஒருத்தியை வெறுத்து வெறுத்துத்தான் அவள் தெம்பாக இருந்தாள். காலையில் எழுந்தால் மலைக்கு ஒரு கும்பிடு, உண்ணாமலைக்கு ஒரு சாபம். இரண்டும் செய்தால்தான் அன்றைய வேலை ஓடும். அந்த உண்ணாமலைக்கே இனி நன்றி சொல்ல வேண்டும் என்றால்? பிள்ளையின் ஒவ்வொரு பல்லுக்கும், ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும் என்றால்? அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். கடன்பட்டது ஆறாது.

பே கோபுரத் தெருவில் கூட்டம் கொஞ்சம் கம்மி. மழை விட்டு, மலை நெற்றிவரைக்கும் தெரிந்தது. முன்னால் உண்ணாமலையின் பிடரியைப் பார்த்தபடியே அன்புச்செல்வி கேட்டாள்.

"எப்ப வேண்டினீங்க?"

"முருகையன் வந்துட்டுப் போன மறுவருஷம்."

முருகையன் உண்ணாமலையின் தம்பி. அந்தப் பெயரைக் கேட்டதும் கரும்பை அழுத்திப் பிடித்தாள் அன்புச்செல்வி. அவளால் மறக்க முடியாத வருகை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் வெற்றிலை பாக்கு பூ பழம் வைத்து, மேலே ஒரு பெண்ணின் ஜாதகத்தையும் வைத்துக்கொண்டு அவன் வந்தான். தசரதனுக்கு இரண்டாந்தாரமாக அந்தப் பெண்ணைக் கட்டிவைத்தால் வம்சம் விளங்கும் என்று பேச வந்தவன். விஷயம் தெரியாமல் அவனுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தவள் அன்புச்செல்வி. சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டே முழுசாகக் குடித்துவிட்டுத்தான் தட்டை முன்னால் நகர்த்தினான். தசரதன் மாட்டேன் என்றான், வாஸ்தவம். ஆனால் அதைச் சொல்லச் சாயங்காலம்வரை எடுத்துக்கொண்டான்.

"அவன் வந்துட்டுப் போனப்புறம் அவன் பொண்டாட்டிக்கு ரெண்டு தடவை தங்கி, தங்கி, கலைஞ்சிடுச்சு," என்றாள் உண்ணாமலை. குரல் சன்னமாகிவிட்டது. "அந்த அன்பு விட்ட கண்ணீருதான்னு ஊர்ல சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் பட்டுது. அதான் போய் வேண்டினேன். அன்புக்கு ஒரு புள்ளையைக் குடு, நான் தொட்டில் தூக்குறேன், எந்தம்பி மடியில வெச்சுக் காது குத்துறேன், அவன் பண்ண பாவம் அதோட தீந்துபோவணும்னு."

அன்புச்செல்வியின் கால் நின்றுவிட்டது. பின்பக்கம் நின்றதும் முன்பக்கமும் நின்றது. தூளி ஒரு குலுங்கு குலுங்கியது.

ஆகவே வேண்டுதல் அன்புச்செல்விக்காக இல்லை. தம்பி வீட்டுக்காக. அதற்கு இவள் வயிறும் இவள் பிள்ளையும் பரிகாரப் பொருள். திருவூடல் தெருவெல்லாம் நன்றிக்கடன் என்று நெஞ்சு வெந்ததே, அந்தக் கடன் ஒரே நொடியில் கழன்று விழுந்தது. பழைய ஆத்திரம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்புச்செல்விக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

ஆனால் மடி? தன் கூடப் பிறந்தவன் பக்கத்தில் நிற்கையில், இன்னொருத்தியின் தம்பி மடியில் தன் பிள்ளையா? அதிலும் அவன் மடியிலா?

ராமகிருஷ்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். தூளிக்குக் கீழே இருந்த கையை எடுக்காமலே சொன்னான்.

"சாமிக்குச் சொன்ன வார்த்தை பாப்பா. எனக்கு ஒண்ணும் இல்லை. நான் விட்டுக் குடுத்துடறேன்."

"நீ விட்டுக் குடுத்தா ஆச்சாண்ணா? புள்ளை என்னுது." பிறகு முன்னால் திரும்பினாள். "அக்கா, வேண்டுதல் உங்களது. தோள் குடுத்துட்டீங்க, சரி. காது எம்புள்ளையோடது."

உண்ணாமலை கரும்பைத் தோளில் வைத்தபடியே கழுத்தைத் திருப்பினாள். கற்பூரத்துக்கு முன்னால் மாறாத முகம் இப்போது மாறியிருந்தது. கெஞ்சுகிற முகம் அவளுக்கு இருக்கும் என்பதே அன்புச்செல்விக்குப் புதுசு.

"அவ மறுபடியும் முழுகாம இருக்காடி. இந்தத் தடவையாவது தங்கணும்."

முருகையனின் பெண்டாட்டியை அன்புச்செல்வி இரண்டு மூன்று முறை கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறாள். பேசாத பெண். எல்லோரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போகும்போது, தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வளையலைத் திருகிக்கொண்டிருப்பாள். வளையலைத் திருகுவது எதற்கு என்று அன்புச்செல்விக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மனசு ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததை உடனே இழுத்துப் பிடித்தாள். இவ்வளவு வருஷம் கழித்துக் கைக்கு வந்ததை ஒரு வளையலுக்காக விட முடியுமா?

"சரி," என்றாள். "உங்க தம்பி வரட்டும். அன்னிக்கு வந்த மாதிரியே வெத்தலை பாக்கு பூ பழம் வெச்சு, தட்டைத் தூக்கிக்கினு எங்க வீட்டு வாசலுக்கு வரட்டும். என்னைப் பாத்து, உம்புள்ளையை எம்மடியில குடும்மான்னு அவர் வாயால கேக்கட்டும். அப்புறம் பேசலாம்."

"அவன் வரமாட்டான் அன்பு. குனியத் தெரியாதவன்."

"அப்போ நான் இன்னா செய்ய? குத்தம்னு ஒண்ணு வந்தா, வேண்டினவங்க நீங்க, குனிய மாட்டேன்றது அவர். எம்புள்ளையை எதுக்கு இழுக்குறீங்க?"

நன்றாகக் கொடுத்தாள். அவளுக்கே திருப்தியாக இருந்தது. இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் உயிரோடு இருந்தோம் என்று தோன்றுகிற அளவுக்குத் திருப்தி. பின்னால் தேர் திரும்புகிற சத்தமும் வடம் இழுக்கிறவர்களின் அரோகராவும் கேட்டது. வழிவிடச் சொல்லிப் போலீஸ்காரர் கையை வீசினார். தொட்டில் நகர்ந்தது.

பெரிய தெருவில் பாதி தூரம் வந்துவிட்டார்கள். உண்ணாமலை திரும்பாமலே கேட்டாள்.

"வந்து கேட்டுட்டான்னா?"

அவன் வரமாட்டான் என்பதை வைத்துத்தான் அன்புச்செல்வி அத்தனையும் பேசியிருந்தாள். முருகையன் தட்டோடு வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வது என்று அவள் யோசித்தே வைத்திருக்கவில்லை.

பக்கத்தில் ராமகிருஷ்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

"நடங்கக்கா, தேர் வருது," என்றாள்.